மாஸ்டரின் வலது கால்

எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் என்ன குறை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார். முகம் சுளிக்க மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார், மறுநாளே திருத்திக்கொள்வார். ஒரே ஒரு நிபந்தனைதான். குறை சொல்பவர் அவருடைய மனைவியாக இருக்கக் கூடாது.

அவர் கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் கட்டடம், மைதானம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் வீட்டின் முன்னறைதான் பள்ளி. கண்ணாடிக் கதவு, அதில் பாதி உரிந்த ஸ்டிக்கர், சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த படம், ஒரு மேசை, மேசைமேல் போன், போனுக்குப் பின்னால் நான். வாசலில் ஒரு கார். அந்தக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் இருக்கும் பெடல்கள் போக, மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் கூடுதலாக ஒரு பிரேக் பெடல் இருக்கும். ஆபத்து என்றால் மட்டும் அவர் மிதிப்பதற்கு. இந்தக் கூடுதல் பெடலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது இதுதான்.

ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. எனக்குக் கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அதனால் இதை எழுதி முடிக்கும்வரை அவர் மாஸ்டர்தான்.

போனில் கடைகளுக்கு நட்சத்திரம் போடும் வசதி வந்தது பாருங்கள், அன்றைக்குப் போனது எங்கள் வீட்டு நிம்மதி. காலையில் எழுந்ததும் பல் விளக்குகிறாரோ இல்லையோ, நட்சத்திரம் பார்ப்பார். ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டியிருந்தால் சட்டென்று தள்ளிவிடுவார். ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்.

"மாஸ்டர் ரொம்பக் கத்துறார்" என்று ஒருவர் எழுதினார். கத்துவார்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாஸ்டர் கிசுகிசுக்க ஆரம்பித்தார். திரும்பச் சொல்வதையும் நிறுத்தச் சொல்வதையும் ஏதோ ரகசியம் போல வாயை மூடிக்கொண்டு சொன்னால் யாருக்குக் கேட்கும்? ஒரு கல்லூரிப் பெண் "என்ன சார்?" என்று காதை நீட்டிய நேரத்தில் வண்டி நேராகப் பெட்ரோல் பங்க்குக்குள் போய் நின்றது. வந்தது வந்தோம் என்று பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"வண்டிக்குள்ள ஒரு மாதிரி வாடை" என்று இன்னொருவர். உடனே கடைக்குப் போய் வாசனை அட்டைகளாக வாங்கி வந்து கண்ணாடியில், கைப்பிடியில், சீட்டுக்கு அடியில் எல்லாம் தொங்கவிட்டார். வண்டியில் ஏறுகிறவர்கள் தும்மிக்கொண்டே கியர் மாற்றினார்கள். "காரைப் பார்த்தா பாவமா இருக்கு" என்று மற்றொருவர். உடனே மஞ்சள் வண்ணம் அடித்தார். அடுத்த வாரமே ஒருவர் "மஞ்சள் கண்ணைக் குத்துது" என்று எழுதினார். நல்லவேளை, நான் பெயிண்ட்காரரின் போன் நம்பரை அழித்து வைத்திருந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எங்கள் மாடியில் ஒரு சலூன் இருக்கிறது. அங்கே முடி வெட்டப் போன யாரோ இடம் மாறி எங்கள் பள்ளியின் பக்கத்தில் எழுதிவிட்டார். "ரொம்ப நேரம் உட்கார வச்சாங்க. மீசையைக் கோணலா வெட்டிட்டாங்க." மாஸ்டர் அதற்கும் பதில் போட்டார். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். அடுத்த முறை கவனமாக இருப்போம்."

"ஏங்க, நாம எப்பங்க யாருக்கு மீசை வெட்டினோம்?" என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்ன? ஒரு மனுஷன் மனசு நொந்து எழுதியிருக்கான். வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?"

"நானும்தான் மனசு நொந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், சமையல்கட்டுக் குழாய் சொட்டுதுன்னு. அதுக்கு எப்ப வருத்தம் தெரிவிப்பீங்க?"

"அது வேற, இது வேற."

என்ன வேறு என்று அன்றைக்கு விளக்கமாகவே சொன்னார். வெளியாள் சொன்னால் அது விமர்சனம். வீட்டில் சொன்னால் அது நச்சரிப்பு. விமர்சனத்தைக் கேட்டால் தொழில் வளரும், நச்சரிப்பைக் கேட்டால் தலைவலி வளரும். இதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய தத்துவம் கண்டுபிடித்தவர் மாதிரி டீயை உறிஞ்சினார். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "உனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்பார். ஒரு நாள் முகம் தெரியாத புண்ணியவான் ஒருவர் எழுதினார். "மாஸ்டர் பொண்டாட்டிக்கே ஓட்டத் தெரியாதாம். இவர் எங்க நமக்குச் சொல்லித் தரப் போறார்?" ஒற்றை நட்சத்திரம். அன்று சாயங்காலமே என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார். வருஷக்கணக்கில் நான் கெஞ்சியும் கிடைக்காதது யாரோ ஒருவர் கட்டைவிரலை அசைத்ததும் கிடைத்தது. அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

கற்றுக்கொடுக்கும்போது மாஸ்டர் என்னிடம் மட்டும் கிசுகிசுக்கவில்லை. நச்சரிப்புக்குப் பழிவாங்க அதைவிட நல்ல இடம் அவருக்கு எங்கே கிடைக்கும்? "கியரை அப்படியா பிடிக்கறது, கரண்டியா அது? கண்ணாடியைப் பாரு, உன் முகத்தைப் பார்க்காத, பின்னாடி வர்றவனைப் பாரு." எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒன்று சொல்வார். "ஆனா ஒண்ணு. பிரேக் மட்டும் பிறக்கும்போதே கத்துக்கிட்டு வந்த மாதிரி போடற."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் காலை இலேசாக வைத்தால் போதும், வண்டி வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு முன்னால் அலுங்காமல் குலுங்காமல் நிற்கும். போன் செய்கிற உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னேன். மாஸ்டர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு, விடுவேனா?

இதற்கிடையில் பள்ளிக்கு நேரம் சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் கற்றுக்கொண்டு தேர்வுக்குப் போனவர்கள் வரிசையாகத் தோற்றார்கள். வகுப்பில் நன்றாக ஓட்டுவார்கள், தேர்வில் கோட்டைவிடுவார்கள். தேர்வு எடுக்கும் அதிகாரி ஒரு பெண்மணி. சிரித்தே பார்த்ததில்லை, ஆனால் நியாயமான ஆள். அவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்க திருப்பறாங்க, கியர் போடறாங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நிக்கத்தான் தெரியல. கோட்டைத் தாண்டிப் போறாங்க" என்றார்.

வெளியாள், அதுவும் அதிகாரி. கேட்காமல் இருப்பாரா? அன்றைக்கே வண்டியை என் தம்பியின் ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். என் தம்பி மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, பிரேக் கல்லு மாதிரி இருக்கு. கை வைக்க வேண்டியதில்ல" என்றான். மாஸ்டர் கேட்கவில்லை, தம்பியும் வீட்டு ஆள்தானே. பிரேக்கைப் பிரித்துப் புதிதாகப் போட வைத்தார். அதோடு விடவில்லை, செருப்புப் போட்டுக்கொண்டு வந்தவர்களையெல்லாம் ஷூ போட்டு வரச் சொன்னார். குறை பிரேக்கில் இல்லையென்றால் செருப்பில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்த தேர்வுக்கு நானும் போனேன். மாஸ்டர் இருக்கையில் அந்த அதிகாரி உட்கார்ந்தார். திருப்பினேன், கியர் மாற்றினேன், கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தேன். கோடு வந்தது. பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்த என் பிரேக்கின்மேல் காலை இலேசாக வைத்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தேன். அது பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி, தடுப்புக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை முட்டித் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் அதிகாரிதான் தன் பக்கத்துப் பெடலை ஓங்கி மிதித்து நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, பிரேக் எதுன்னு தெரியுமா?" என்றார்.

என்னுடன் வந்த எல்லோருக்கும் அன்றைக்கு இதே கதிதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, அவளுக்கு இது இரண்டாவது தோல்வி, ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அதிகாரி மாஸ்டரிடம் வந்து குரலை உயர்த்தாமலே சொன்னார். "மாஸ்டர், உங்க பள்ளி உரிமம் முடியப் போகுது. இன்னும் ஒரு தேர்வு பாக்கறேன். அதுலயும் இப்படியே வந்தா புதுப்பிக்க நான் கையெழுத்து போட மாட்டேன். ரோட்டுல நாலு பேர் நடக்கணும்ல?"

மாஸ்டர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை. உரிமம் போனால் பள்ளி போச்சு. முன்னறை வெறும் முன்னறையாகிவிடும். இத்தனை வயதுக்குமேல் மாஸ்டருக்கு வேறு தொழில் என்ன தெரியும்? மீசைகூட வெட்டத் தெரியாது.

"பிரேக்குல ஏதோ கோளாறு மாப்ள" என்று சொல்லி வண்டியை மறுபடியும் ஒர்க்ஷாப்பிலேயே விட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டு, தன் காரில் எங்களை வீட்டில் இறக்கிவிட வந்தான். தம்பி ஓட்டினான். பக்கத்தில் மாஸ்டர். பின்னால் நான், கூம்பை இடித்த துக்கத்தில்.

அப்போதுதான் பார்த்தேன். சிக்னல் வந்தது. தம்பி பிரேக் போடுவதற்கு முன்பே மாஸ்டரின் வலது முழங்கால் மெதுவாக நீண்டது. பாதம் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பை ஒரே சீராக அழுத்தியது. வண்டி நின்றதும் கால் பின்னால் வந்தது. அடுத்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, கால் நீண்டது. அடுத்து ஒரு வளைவு, கால் நீண்டது. வாய் பாட்டுக்குப் பிரேக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறது, கால் பாட்டுக்கு இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரிந்த மாதிரியே இல்லை.

எனக்குச் சுரீரென்று உறைத்தது. அடப்பாவி மனுஷா! நான் காலை இலேசாக வைத்தபோதெல்லாம் வண்டியை நிறுத்தியது என் கால் இல்லை. பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்ததும் நான் இல்லை. இத்தனை நாளும் இந்த மனுஷன் பாராட்டியது தன்னுடைய வலது காலை!

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னேன். "ஏங்க, நீங்கதான் பிரேக் போடறீங்க. எல்லாருக்கும் நீங்களே போட்டுடறீங்க. அதான் ஒருத்தருக்கும் நிக்கத் தெரியல."

"நானா?" சிரித்தார். "ஆபத்துன்னா மட்டும்தான் அதைத் தொடுவேன்."

"தம்பி கார்ல தரையை மிதிச்சுக்கிட்டே வந்தீங்க. நான் பார்த்தேன்."

"நீ தோத்துட்ட. அந்தக் கோவத்தை என் மேல காட்டற. போயி முகத்தைக் கழுவு, போ."

"மாஸ்டர்! உரிமம் போகப் போகுது!"

"ஆரம்பிச்சுட்டியா நச்சரிப்பை?" என்று சொல்லிவிட்டு, செருப்புப் போட்டு வந்தவர்கள் யார் யார் என்று யோசிக்கப் போய்விட்டார்.

நல்லது. நச்சரிப்பு வேண்டாம், விமர்சனம்தானே வேண்டும்? ஒர்க்ஷாப்புக்குப் போய்த் தம்பியின் போனை வாங்கினேன். "பயணி" என்ற பெயரில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினேன். "மாஸ்டர் நல்லவர். ஆனால் கற்றுக்கொள்பவர்கள் போட வேண்டிய பிரேக்கை இவரே போட்டுவிடுகிறார். அது அவருக்கே தெரிவதில்லை. சொன்னாலும் ஏற்பதில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்காவிட்டாலும், வீட்டில் சொல்வதையாவது கேட்கலாம்." எழுதி முடித்தபோது எனக்கே என் எழுத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அதைப் படிப்பதைக் கதவோரம் நின்று பார்த்தேன். படித்தார். திரும்பவும் படித்தார். சரி, வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இது அடுத்த தெருப் பள்ளிக்காரன் வேலை," என்றார். "பொறாமை. இதையெல்லாம் கண்டுக்கக் கூடாது."

மீசைக்காரனிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷன்! வாசனை அட்டைக்கும் மஞ்சள் பெயிண்டுக்கும் ஓடிய மனுஷன்! பொய்யும் புரட்டுமாக எவன் எழுதினாலும் உச்சந்தலையில் ஏற்றிக்கொண்டவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைப் படித்ததும், இதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று முடிவெடுக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சமையல்கட்டுக்குப் போய்ச் சொட்டுகிற குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

பிறகு தம்பிக்குப் போன் செய்தேன். "டேய், லாரி பின்னாடி வரும்போது ஒண்ணு கத்துமே, பீப் பீப்னு. அது உங்கிட்ட இருக்கா?"

"இருக்குக்கா. எதுக்கு?"

"மாமா பக்கத்துப் பெடலை மிதிச்சா அது கத்தணும். செய்வியா?"

தம்பி பதறிப்போய், "மாமா என்னைக் கொன்னுடுவாரு" என்றான். "உரிமம் போனா நானே உன்னைக் கொன்னுடுவேன்" என்றேன். வண்டி திரும்பி வந்தபோது மாஸ்டரின் பெடலுக்கு அடியில் அந்தப் பீப் இருந்தது. மாஸ்டருக்கு மட்டும் தெரியாது.

அன்று மருந்துக்கடைப் பெண்ணுக்கு வகுப்பு. ஏதோ சாக்குச் சொல்லி நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பியது. தெருமுனை வந்தது. பீப் பீப் பீப்.

"ரிவர்ஸ்ல இருக்காம்மா?" என்றார் மாஸ்டர்.

"இல்ல சார், முன்னாடிதான் போறோம்" என்றாள் அந்தப் பெண் பயந்துபோய்.

வேகத்தடை, பீப். பள்ளிக்கூட வாசல், பீப் பீப். குறுக்கே ஒரு பூனை, பீப்பீப்பீப்பீப். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அது நிற்காமல் கத்த ஆரம்பித்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நாங்கள் பின்னால் வரப்போகிறோம் என்று நினைத்து விலகி ஓடினார்கள். மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். "என்ன மாப்ள வேலை பார்த்திருக்க? ஒயரை எங்கயோ மாத்திக் குடுத்துட்ட. சும்மா சும்மா கத்துது!"

போனில் தம்பி ஏதோ முனகினான். மாஸ்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்காதான்னு சொல்றான். என்னது இது?"

"உங்க பெடல் கத்துது. நீங்க மிதிச்சாத்தான் கத்தும். இன்னிக்குக் காலையிலேருந்து எத்தனை தடவை கத்துச்சுன்னு இந்தப் பொண்ணையே கேளுங்க."

"புருஷனை வேவு பார்க்கறியா? அதுவும் வெளியாள் முன்னாடி? நான் மிதிக்கவே இல்லங்கறேன்! இதோ பாரு, என் கால் இங்க சும்மாத்தான் இருக்கு, நான் எங்க மிதிச்சேன்? நான் எங்க மிதி..."

பீப்.

எதிரே ஒரு பந்து உருண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி நின்றுகொண்டிருக்கிறது, இஞ்சின்கூட ஓடவில்லை. மாஸ்டர் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே உறைந்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலோ தன் பேண்ட்டுக்குள் இருப்பது போலப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டது கால்தான்.

நான் வெற்றிக் கூச்சல் போடத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்தார். அவராகவே சொன்னார். "போன வருஷம் ஒருத்தன் குப்பைத்தொட்டியில இடிச்சானே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு ஆள். தொட்டி உருண்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அவன் எழுதினான்," என்றார். பிறகு ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்தார். "'மாஸ்டர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறார். இவரை நம்பி ஏறாதீர்கள், உங்கள் உயிர் உங்கள் கையில்.'"

"எங்கிட்ட காட்டவே இல்லையே?"

"எப்படிக் காட்டறது? நான் தூங்கல. சத்தியமா தூங்கல. அவனே போடட்டும்னு விட்டேன், அப்பத்தானே கத்துக்குவான்? அவன் போடல. தொட்டிக்குப் பின்னாடி ஒரு நாய் படுத்திருந்துச்சு. அலறிக்கிட்டு ஓடுச்சு." கொஞ்ச நேரம் சாலைக் குறியீட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது ஒரு குழந்தையா இருந்திருந்தா?"

மற்ற விமர்சனங்களையெல்லாம் காதில் வாங்கினார், மண்டையில் ஏற்றினார், வண்டிக்குப் பெயிண்டாக அடித்தார். இது மட்டும் நேராகக் காலுக்கு இறங்கிவிட்டது. அன்றைக்குக் கால் வைத்தவர்தான், எடுக்கவே இல்லை. தப்பே செய்யாத ஒரு நாளுக்காக இந்த மனுஷன் ஒரு வருஷமாகக் காலால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நாளும் இதைத் தனியாகவே சுமந்தாரே என்று அழுகை வந்தது, என்னிடம் சொல்லாமல் சுமந்தாரே என்று கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கைத்தான் சிந்த முடிந்தது.

"அந்த ஆள் சொன்னது தப்புங்க. நீங்க அன்னிக்குச் செஞ்சதுதான் சரி. உண்மையிலேயே ஆபத்துன்னா அப்ப மிதிங்க. கோட்டுக்கெல்லாம் மிதிக்காதீங்க."

"கால் கேக்க மாட்டேங்குதே. நீதான் பார்த்தியே."

"அப்ப அதை மடக்கி வைங்க."

மறுநாள் காலை, தேர்வு மைதானத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டல் வெளிக்குப் போனோம். அங்கே இடிப்பதற்கு மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மாஸ்டர் ஷூவைக் கழற்றினார். சாப்பிட உட்காருகிற மாதிரி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டார். தம்பி மண்ணில் குச்சியால் ஒரு கோடு கிழித்துவிட்டுத் தள்ளி, மிகவும் தள்ளிப் போய் நின்றான்.

நான் ஓட்டினேன். கோடு வந்தது. மாஸ்டரின் பாதம் கைக்குள் துள்ளுவதைப் பார்த்தேன். கைவிரல்கள் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். பீப் சத்தம் வரவில்லை. இந்த வண்டியில் இப்போது பிரேக் போட நான் ஒருத்திதான் என்று புரிந்தது. ஓங்கி ஒரு மிதி.

வண்டி துள்ளிக்கொண்டு நின்றது. சம்மணத்தில் இருந்த மாஸ்டர் உருண்டு முன்னால் போய், நெற்றியை டேஷ்போர்டில் நங்கென்று இடித்துக்கொண்டார். வாசனை அட்டை ஒன்று அறுந்து அவர் மடியில் விழுந்தது.

"பிரேக்கா இது?" என்று கத்தினார். கிசுகிசுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. "மாடு முட்டற மாதிரி! இப்படியா ஒரு மனுஷி பிரேக் போடுவா? இத்தனை நாள் என்னதான் கத்துக்கிட்ட நீ?"

நான் ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் பிரேக்கை இந்த மனுஷன் திட்டுவது இதுதான் முதல்முறை. ஏனென்றால் நான் பிரேக் போட்டதே இதுதான் முதல்முறை. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கோட்டுக்கு முன்னாடிதான் நின்னிருக்க" என்றார்.

அன்றிலிருந்து தேர்வு நாள்வரை எங்கள் வண்டியில் எல்லோருக்கும் இதேதான் பாடம். மாஸ்டர் சம்மணம், நெற்றியில் வீக்கம். ஒரு நாள் மட்டும், நிஜமாகவே ஒரு கிழவர் குறுக்கே வந்துவிட்டபோது, மடக்கிய கால் மின்னல் மாதிரி இறங்கி மிதித்தது. பீப். அந்தப் பீப்பை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை.

தேர்வு வந்தது. மருந்துக்கடைப் பெண் முதலில் போனாள், கோட்டுக்கு முன்னால் நின்றாள். கடைசியாக நான். நான் நின்றது கோட்டுக்கு ரொம்பவே முன்னால். அதிகாரி ஜன்னல் வழியாகக் கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல முன்னாடி நின்னா வீட்டுலயே நின்னுடலாம்மா" என்றார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். உரிமத்துக்குக் கையெழுத்தும் போட்டார். மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் குறை. அங்கே மெதுவாகப் போ, இங்கே ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய், ஹாரனை அடி, ஹாரனை ஏன் அடிக்கிறாய். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நச்சரிப்பைக் கேட்டால் தலைவலி வளரும் இல்லையா?

அதற்குப் பிறகு ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளியின் பக்கத்தைத் திறந்தேன். புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். "மாஸ்டர் சீட்ல சம்மணம் போட்டு உட்கார்றார், மரியாதை தெரியல." ஒற்றை நட்சத்திரம். அதற்குக் கீழே மாஸ்டரின் வருத்தமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. வெறும் இடம்தான் இருந்தது. அட, தேறிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு கீழே தள்ளினேன். "பயணி" எழுதியது வந்தது. அதற்கு மட்டும் ஒரு பதில் இருந்தது. ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில், எல்லோருக்கும் எழுதுகிற அந்தத் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமம்" எதுவும் இல்லாமல் எழுதியிருந்தார்.

"நீ சொன்னது சரி. வீட்டில் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். யாரும் சொல்லாத குறையை ஒருத்தர் சொன்னால் அது யாராக இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். குழாயை ஞாயிற்றுக்கிழமை சரி செய்கிறேன்."

எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளேயிருந்து அவர் யாருக்கோ போனில் வகுப்பு நேரம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை பேசலாமா என்று நினைத்தேன், அப்புறம் மனதை மாற்றிக்கொண்டேன். தம்பியைக் கூப்பிட்டு, அவன் போனிலிருந்து என் ஒற்றை நட்சத்திரத்தை நாலாக மாற்றச் சொன்னேன்.

"அஞ்சாவே போட்டுடலாமேக்கா. மாமா பாவம்" என்றான்.

"குழாய் நிக்கட்டும், பார்க்கலாம்" என்றேன்.